ஓடாமல் உதைப்பது

கிழக்கு லண்டனில் என்னோடு வளர்ந்த பெண்களில் பாதிப்பேருக்கு இப்போது முழங்கால் போய்விட்டது, மீதிப்பேருக்கு இடுப்பு. கலியாண வீடுகளில் சந்தித்தால் மாத்திரைகளைப் பற்றித்தான் கதைக்கிறோம். போன மாதமும் அப்டன் பார்க்கில் ஒரு மண்டபத்தில், வடைக்கும் பாயசத்துக்கும் நடுவில் சர்க்கரை அளவுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தி, "உன்ர சித்தப்பா ஃபிளாட்ஸில தேங்காய் மாதிரி ஒரு பந்தை உதைக்கிறவர், ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டாள். ஞாபகம் இருக்கோவாம். எழும்பி நின்று, பட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இல்லாத பந்தைக் கையில் ஏந்தி, இரண்டு அடி வைத்து உதைத்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து சேலையை மடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

சிரித்தவர்களுக்கு மிச்சக் கதை தெரியாது. நீங்களும் அந்தக் காலத்துப் பிள்ளைகள் என்பதால் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. பொடியங்களுக்கு அமெரிக்கப் புட்போல் விசர் பிடித்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ரீவியில் காட்டினார்கள். சந்தையில் அமெரிக்க ஊர்களின் பெயர் எழுதிய பளபளத்த ஜாக்கெட்டுகள் விற்றன. எங்கள் வகுப்பில் ஒருத்தனுக்கும் விளையாட்டின் விதி தெரியாது, ஆனால் ஜாக்கெட் மட்டும் எல்லாரிடமும் இருந்தது. வளர்ந்த ஆம்பிளைகளையும் அது விடவில்லை. கட்டட வேலைக்காரரும் பஸ் ஓட்டுகிறவர்களும் சேர்ந்து ஓர் அணி அமைத்து, அடிபடாமலிருக்கத் தோளில் பெரிய காப்புகளைக் கட்டிக்கொண்டு, ஃபாரஸ்ட் கேட்டுக்கு அங்கால் இருந்த வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் வெளியில் ஞாயிறு காலைகளில் சேற்றுக்குள் மோதிக்கொண்டு கிடந்தார்கள்.

எங்கள் வீடு ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கோழிக் கடைக்கு மேலே இருந்தது. என் பள்ளிக்கூடப் புத்தகங்கள்கூடப் பொரித்த எண்ணெய் மணத்தன. அப்பா கொழும்பில் பாங்கில் வேலை பார்த்தவர். கலவரத்துக்குப் பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்தார். அம்மா ஒரு தொழிற்சாலைக்கு வீட்டிலிருந்தே சட்டைக் கொலர் தைத்தார். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார்.

அவரிடம் ஒரு தற்காலிகப் பேப்பர் மட்டும் இருந்தது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரைதான் அது செல்லும். முடிவு நல்லதாக வந்தால் இருக்கலாம். இல்லாவிட்டால், எந்த ஊரின் ஆமி முகாமிலிருந்து உயிரோடு வெளியே வந்தாரோ அந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வருடம் முழுக்கத் தபால்காரன் வரும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கடிதம் விழுகிற சத்தத்தைக் கேட்பதற்காக அம்மா மெஷினை நிறுத்திவிடுவார்.

முகாமில் அவருக்கு என்ன செய்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அம்மா தினமும் அகன்ற பிளாஸ்ரிக் பேசினில் சுடுதண்ணீர் வார்த்து உப்புப் போட்டுக் கொடுப்பதையும், சித்தப்பா கதவைச் சாத்திக்கொள்வதையும் பார்த்தேன். ஒரு நாள் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. உள்ளங்கால் இரண்டும் பழைய சவர்க்காரக் கட்டி மாதிரி வெடித்து, கறுத்து, மடிப்பு மடிப்பாகக் கிடந்தன. உள்ளங்காலில்தான் அடித்திருக்கிறார்கள், நாள்கணக்காக. பாதத்தின் வெளி விளிம்பை ஊன்றி மெல்ல மெல்ல நடப்பார். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். பஸ் வந்துவிட்டால் நானும் அம்மாவும் ஓடி ஏறுவோம். அவர் ஓடமாட்டார். நின்ற இடத்தில் நின்று கையைக் காட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வருவார். முதல் விசாரணையிலும் இதைத்தான் சொல்லியிருந்தார்: உள்ளங்காலில் அடித்தார்கள், என்னால் ஓட ஏலாது.

ஞாயிறு காலைகளில் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து தூங்குவார். வீட்டில் சத்தம் கூடாது என்று அம்மா எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார். மெல்ல நடந்து ஃபிளாட்ஸுக்குப் போய் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, அந்தக் காப்புக் கட்டிய ஆம்பிளைகள் மோதுவதைப் பார்ப்போம். அங்கேதான் ஒரு நாள் பந்து உருண்டு வந்து எங்கள் காலடியில் நின்றது.

சித்தப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, உரிக்காத தேங்காய்," என்றார்.

அவர் ஊரில் பள்ளிக்கூட அணியின் கோல் காப்பாளர். கோல் காப்பாளர் கையிலிருந்து பந்தை விட்டு உதைப்பது போல, எழும்பி நின்ற இடத்திலிருந்தே அதை உதைத்தார். பந்து கோணல்மாணலாகச் சுழன்று, மோதிக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலால் போய், தூரத்து மரங்களுக்குள் விழுந்தது. அவ்வளவு பேரும் வாயைப் பிளந்துகொண்டு திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

அணியின் கோச் வந்தார். தடித்த மீசைக்காரர், கிழமை நாட்களில் வீடுகளுக்குக் குழாய் பூட்டுகிறவர். சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் வராததால் என்னிடம் கேட்டார், இன்னொருமுறை செய்வாரா என்று. நான் சொன்னேன். சித்தப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"ஓட வேணுமோ எண்டு கேள்."

கேட்டேன். தேவையே இல்லை, இரண்டு அடி வைத்தால் போதும் என்றார் கோச். சித்தப்பாவின் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுக்க, ஞாயிறு தோறும், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் வாயால் உதைத்தேன். இங்கிலீஷில் கேட்டுத் தமிழில் சொல்வது என் வேலை. அதனால் அது என் எலும்புக்குள்ளும் இறங்கிவிட்டது. கையிலிருந்து விட்டு உதைப்பதற்குப் பன்ட் என்று பெயர். முன்னேற வழியில்லாத அணி பந்தை எதிராளியிடமே கொடுத்துவிடும், ஆனால் எட்டாத தூரத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும். இதை விளக்கியபோது சித்தப்பா, "தோக்கிறதையும் மரியாதையாத் தோக்கிறது," என்றார்.

உதைப்பதைவிட விடுவதுதான் முக்கியம் என்று கோச் ஓயாமல் சொல்வார். பந்தை மேலே எறிந்தால் கெட்டது. வலது கையால் பந்தின் பக்கத்தைப் பிடித்து, தையல் மேலே பார்க்க, மூக்கு கொஞ்சம் உள்ளுக்கும் கொஞ்சம் கீழுக்கும் திரும்பியிருக்க, கையை உதைக்கிற காலுக்கு நேரே நீட்ட வேண்டும். இடது கை பந்திலிருந்து முதலில் விலகும். பிறகு வலது கை அப்படியே மறைந்துவிட வேண்டும், மேசையை இழுத்துவிட்டால் கோப்பை விழுவது போல. விழுகிற பந்து திரும்பக் கூடாது, சரியக் கூடாது. வலது அடி ஒன்று, இடது அடி ஒன்று, அவ்வளவுதான். கணுக்காலை இறுக்கி, விரலை நீட்டி, புறங்காலால் அடிக்க வேண்டும். விரல் நுனியில் பட்டால் பந்து குட்டிக்கரணம் போடும். உள்ளங்காலுக்குப் பந்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அடித்த கால் அங்கேயே நிற்காமல் நெற்றிவரை மேலே போக வேண்டும், உடம்பு பின்னால் சாயக் கூடாது. இவ்வளவும் சரியாக வந்தால் பந்து படுத்த பம்பரம் மாதிரி மூக்கை முன்னால் வைத்துச் சுழன்றுகொண்டு போகும். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. தோல் தோலில் படுகிற ஒரு 'தொம்', அதற்குப் பிறகு எதுவுமில்லை, வானத்தில் பந்து மட்டும்.

இடது காலை ஊன்றுவதுதான் அவருக்கு நரகம். அணி கொடுத்த பழைய சப்பாத்துக்குள் வைக்க, குளிக்கப் பாவிக்கிற மஞ்சள் ஸ்பொஞ்சை அம்மா பாதத்தின் அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். ஞாயிறு பின்னேரங்களில் அந்த இரண்டு மஞ்சள் பாதங்களும் கழுவப்பட்டு ஹீற்றரின் மேல் காயும்.

ஒரு நாள் கோச் கேட்டார், ஏன் இடது காலை விளிம்பால் ஊன்றுகிறார், குதியை வைக்கச் சொல் என்று.

"சின்னனில முள்ளுக் குத்தினதெண்டு சொல்லு," என்றார் சித்தப்பா.

அப்படியே சொன்னேன். வீட்டுக்கு நடக்கும்போது, ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் பாவம் பாப்பினம், பிள்ளை. பாவம் பாத்து வைக்கிற இடம் எனக்கு வேண்டாம்."

அந்த விளையாட்டில் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒரு விதி. உதைக்கிறவனின் கால் மேலே இருக்கும்போது எதிரணி அவனைத் தொட்டால் குற்றம். மலை மாதிரி ஆட்கள் பாய்ந்து வருவார்கள், வந்து, அவருக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு விலகிப் போவார்கள். நான் அதை முதலில் தமிழில் சொன்னபோது அவர் நம்பவில்லை. திரும்பவும் கேட்கச் சொன்னார்.

"அடிக்கிறவனைத் தொடக்கூடாதோ?"

"ஓம் சித்தப்பா. தொட்டால் அவைக்குத்தான் தண்டனை."

"ஆர் பிள்ளை இதை எழுதினவன்," என்று கேட்டார்.

அப்பா ஒரு நாளும் ஃபிளாட்ஸுக்கு வரவில்லை. விளையாட்டு வேண்டாம் என்று சொன்னவரும் இல்லை. ஞாயிறு காலை அவருக்கு நித்திரை நேரம், அவ்வளவுதான். அதனால் அவர் பார்த்தது படத்தை மட்டும்.

அந்தப் படம் வட்டாரப் பத்திரிகையில் வந்தது. இலவசமாக வாசலில் போடுகிற பத்திரிகை. ஒரு போட்டியில் படம்பிடிக்கிறவன் வந்து குந்தியிருந்து எடுத்தான். சித்தப்பாவின் வலது கால் தலைக்கு மேலே நிற்கிறது, கைகள் விரிந்திருக்கின்றன, சேறு பறக்கிறது. இடது கால் படத்தின் விளிம்பில் புல்லுக்குள் மறைந்துவிட்டது. ஓடிவந்து பாய்கிற ஆள் மாதிரி இருக்கும். மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: அகதியின் மின்னல் கால்.

அப்பா கடை கடையாகப் போய் அந்தப் பத்திரிகையைக் கட்டாக அள்ளிக்கொண்டு வந்தார். கனடாவுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, ஃபிரிட்ஜில் ஒன்று. பிறகு மேசையில் உட்கார்ந்து ஒரு படத்தை மிக நேராக வெட்டி, கோச்சிடமிருந்து ஒரு நற்சான்றிதழும் வாங்கி வரச் சொன்னார். கோச் மனமுவந்து எழுதிக் கொடுத்தார், இவரைப் போல் பலமான கால் எங்கள் அணியில் யாருக்கும் இல்லை என்று. இரண்டையும் விண்ணப்பத்தோடு சேர்க்கும்படி இமிக்கிரேசன் கந்தோருக்கு அனுப்ப அப்பா உறையில் போட்டார்.

அம்மா மெஷினை நிறுத்தினார்.

"இஞ்சருங்கோ, இதை ஏன் அங்க அனுப்புறியள்? அவர் கால் ஏலாதெண்டெல்லோ அவையளுக்குச் சொல்லி வச்சிருக்கு."

"உனக்கென்ன தெரியும். நான் பாங்கில ஏறினது என்னத்தாலை? கணக்காலையோ? கிரிக்கெட்டாலை. இன்ரவியூவில ஒரு கேள்வி கேக்கேல்லை அவங்கள். காலேஜ் ரீம் படத்தைப் பாத்தான், நாளைக்கு வா எண்டான். வெள்ளைக்காரன்ர பழக்கமெல்லோ அது. விளையாட்டுக்காரனை அவன் கைவிடமாட்டான்."

"அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும், அண்ணி," என்றார் சித்தப்பா. அவருக்குப் பேசினில் கால் ஊறிக்கொண்டிருந்தது.

அப்பாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் வாழ்க்கையில் அதிகாரம் அவரைப் பார்த்துச் சிரித்தது ஒரே ஒருமுறை. அது ஒரு விளையாட்டுப் படத்தைப் பார்த்துச் சிரித்தது. தம்பிக்காகவும் அப்படி ஒரு படத்தைக் காட்டினார். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் சங்கீதச் சான்றிதழையும் சாரணர் பட்டியையும் அகதி விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினார்கள் என்று உங்களுக்கும் தெரியும். நல்ல பிள்ளை என்று காட்டினால் வைத்துக்கொள்வார்கள் என்று நம்பினோம்.

பனி விழத் தொடங்கிய கிழமையில் பதில் வந்தது. நான்தான் வாசித்தேன், வேறு யார். ஓட முடியாதபடி பாதங்கள் சிதைக்கப்பட்டதாகச் சொல்கிறவர் கடுமையான ஒரு விளையாட்டில் ஈடுபடுகிறார். இணைக்கப்பட்ட படமும் கடிதமும் இதைக் காட்டுகின்றன. ஆகவே முகாமைப் பற்றி அவர் சொன்ன எதையும் நம்புவதற்கில்லை. வாசித்து, தமிழில் சொல்லி முடித்தேன். அப்பா கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, தானும் வாசித்தார். பிறகு ஃபிரிட்ஜிலிருந்த படத்தைக் கழற்றினார். ஒட்டியிருந்த பசைத் தடம் மட்டும் நாங்கள் வீடு மாறும்வரை அப்படியே இருந்தது.

வக்கீல் ஓடித் திரிந்து இன்னொரு விசாரணைக்கு நாள் வாங்கினார். பன்ட் என்றால் என்ன என்று அங்கே விளங்கப்படுத்த வேண்டும், தெரிந்த ஆளைக் கூட்டிவாருங்கள் என்றார். கோச்சைக் கேட்டால் முள்ளுக் கதை வெளியே வந்துவிடும், பொய் மேல் பொய்யாகிவிடும் என்று பயந்தார்கள்.

"பிள்ளை வரட்டும்," என்றார் சித்தப்பா. "அவளுக்குத்தான் எல்லாம் தெரியும். பந்தையும் கொண்டு வந்து செய்து காட்டுவாள்."

அப்பா ஒத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் இருந்ததில்லை. பழகுவதற்கு அணி கொடுத்திருந்த பந்தைத் துடைத்து ஒரு கடைப் பையில் போட்டு வைத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று இங்கிலீஷில் சொல்லிப் பழகினேன்: ஐயா, இதற்கு ஓடத் தேவையில்லை, உள்ளங்கால் படுவதும் இல்லை. இடது காலைப் பாருங்கள், அவர் விளிம்பில் நிற்கிறார்.

அந்தக் கிழமைதான் நான் பெரியபிள்ளையானேன்.

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்களில் எத்தனை பேர் இந்த லண்டனில், ஹீற்றர் போட்ட அறையில், ஊரில் மாதிரியே மூலையில் இருத்தப்பட்டீர்கள். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று அறிவித்தாயிற்று. தனிக் கோப்பை, தனிப் பாய், காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பின்னேரம் வெந்தயம் போட்ட உளுத்தங்களி. துடக்குத் தீட்டு, ஆம்பிளை முகம் பார்க்கக் கூடாது. தண்ணீர் வார்க்கிற நாள்வரை கதவு சாத்தித்தான்.

விசாரணைக்குப் போக வேண்டும் என்று நான் உள்ளே நின்று அழுதேன். அம்மா அசையவில்லை.

"துடக்கோட கந்தோருக்கோ? ஒரு உயிர்க் காரியத்துக்குப் போற இடத்துக்கு, துடக்கோட ஒருத்தி முன்னால நடந்தால் விளங்குமோ? அப்பா செய்து காட்டுவார். நீ இரு."

அம்மா கெட்டவர் இல்லை. அவர் சித்தப்பாவைக் காப்பாற்றத்தான் என்னை உள்ளே வைத்தார். 

விசாரணைக்குப் போகிற காலையில் சித்தப்பா படியில் வந்து உட்கார்ந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய நோவெண்ணெய் மணத்தது.

"பிள்ளை, முழிப்போ?"

"ஓம் சித்தப்பா."

"புறங்காலுக்கு இங்கிலீஷில என்ன சொல்லுறது?"

"இன்ஸ்ரெப்."

"இன்ஸ்ரெப்," என்றார். "இன்ஸ்ரெப். இன்ஸ்ரெப். உள்ளங்காலுக்கு?"

"சோல்."

"அது எனக்குத் தெரியும். முதல் விசாரணையில கன தரம் சொன்னவங்கள்." பந்துப் பை சரசரத்தது. "களி தின்னுறியோ ஒழுங்கா?"

"கைக்குது."

"தின் குஞ்சு. இடுப்புக்கு நல்லதாம். இடுப்பு நேரா இல்லாட்டில் பந்து கோணலாப் போகும்."

நான் கதவுக்கு உள்ளே நின்று சிரித்தேன். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்குகிற சத்தம் கேட்டது. பையில் இருந்த பந்து ஒவ்வொரு படியிலும் மரக் கைப்பிடியில் தட்டிக்கொண்டு போனது.

பின்னேரம் அப்பா தனியாக வந்தார். எனக்கு முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான். சித்தப்பாவை அங்கேயே வைத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா எதையோ கீழே போட்டார்.

"நான் செய்து காட்டினன்," என்றார் அப்பா. "என்னை உள்ள கூப்பிட்டவங்கள். மேசை கதிரையெல்லாம் ஒதுக்கி இடம் விட்டவங்கள். நானும் பந்தை வாங்கிக்கொண்டு, கதவடியில இருந்து நல்லா ஓடிவந்து…"

நான் மூடின கதவுக்குள் நின்று, "ஓடுறதில்லை அப்பா," என்றேன்.

கதவில் வாயை வைத்து இன்னும் பலமாகச் சொன்னேன்.

"ரெண்டு அடிதான். நிண்ட இடத்தில இருந்து ரெண்டு அடி."

"படத்தில ஓடி வாற மாதிரித்தானே இருக்கு," என்றார் அப்பா, யாரிடமோ முறையிடுவது போல. "பந்துபோடுறதெண்டால் ஓடித்தானே வரவேணும். தம்பி கதிரையில இருந்து இன்ஸ்ரெப், இன்ஸ்ரெப் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவன். எனக்கு விளங்கேல்லை. விசாரிச்ச மனிசன் ஒண்டும் கேக்கேல்லை. எழுதினவன்."

அம்மா கதவைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் நின்றார் என்பது கதவடியில் தெரிந்த அவருடைய சப்பாத்து நிழலில் தெரிந்தது.

எனக்குத் தண்ணீர் வார்ப்பதற்கு முதல் நாள் சித்தப்பாவை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாள் என்னைக் குளிப்பாட்டி, சேலை கட்டி, பூ வைத்து, ஆரத்தி எடுத்தார்கள். அந்தப் படங்களில் அப்பா ஒன்றிலும் இல்லை. ஹீற்றரின் மேல் மஞ்சள் ஸ்பொஞ்சுகள் இரண்டும் காய்ந்து விறைத்துப் போய்க் கிடந்தன. பிறகொரு நாள் அவை அங்கே இருக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. பந்து அந்தக் கந்தோரிலேயே தங்கிவிட்டது. கோச் ஒருமுறை வந்து கோழிக் கடைக்காரனிடம் விசாரித்தாராம்; அவன், ஏதோ விசாரிக்க வந்த அதிகாரி என்று நினைத்து, மேலே யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

தொண்ணூறுகளில் நாங்கள் தோர்ண்டன் ஹீத்துக்கு மாறினோம். சித்தப்பாவிடமிருந்து எப்போதாவது கடிதம் வரும், சுகம், கால் பரவாயில்லை என்று. பிறகு அதுவும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தப்பாவோடு ஒரே ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி இருந்தவர். வந்து உட்கார்ந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே, சித்தப்பா செத்த நாளைப் பற்றிச் சொன்னார்.

"சந்தையில நிண்டனாங்கள், அண்ணை. திடீரெண்டு ஷெல் வரத் துவங்கிட்டுது. ஓடுங்கோ ஓடுங்கோ எண்டு ஆரோ கத்தினவை. எல்லாரும் ஓடினம். பக்கத்திலதான் பங்கர், ஒரு எட்டு ஓடினால் சரி. கிழடு கட்டையள்கூட ஓடி உள்ள வந்திட்டுதுகள். உங்கட தம்பி ஓடேல்லை. வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். நான் உள்ள இருந்து கத்தினன், ஏனப்பா நிக்கிறாய், ஓடி வா எண்டு. அவர் கையைக் காட்டினவர், நீங்கள் போங்கோ எண்ட மாதிரி."

அந்தக் கையை நான் அறிவேன். பஸ் தரிப்பிடத்தில் நின்று எங்களுக்குக் காட்டுகிற கை.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா கதிரையின் முன்விளிம்புக்கு வந்து, நிமிர்ந்து, அந்த மனிதரின் முகத்தை நேரே பார்த்து, கந்தோரில் சொல்லியிருக்க வேண்டியதை அவரிடம் சொன்னார்.

"அவனாலை ஓட ஏலாது. உள்ளங்காலில அடிச்சவங்கள். அவனாலை ஓட ஏலாது, ஐயா."

வந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது எங்களுக்குத் தெரியாதே, அண்ணை. சின்னனில முள்ளுக் குத்தினதெண்டெல்லோ சொன்னவர்," என்றார்.